தில்லைக்கு வெளியே தங்கியவர்கள்

மார்கழித் திருவாதிரைக்கோ ஆனித் திருமஞ்சனத்துக்கோ சிதம்பரம் செல்ல எண்ணுகிற எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தேர்த் திருவிழா எந்த நாளில் வருகிறது என்பதன்று அக்கேள்வி. அதனைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். "இராத் தங்குவதற்கு இடம் எங்கே?" என்பதே அது. ஒன்பதாம் நாள் தேர். பத்தாம் நாள் தரிசனம். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இரவு இருக்கிறது. அந்த இரவில் ஆடவல்லானும் தம் பொன்னம்பலத்தில் இருப்பதில்லை. தேரிலிருந்து இறங்கி, ஆயிரக்கால் மண்டபத்தில் தங்கி, விடியற்காலையில் அங்கேயே திருமஞ்சனம் கொண்டு, அதன் பின்னரே அம்பலம் திரும்புகிறார். வீட்டுக்கு உடையவரே ஓரிரவு வெளியே தங்குகின்ற ஊரில், விருந்தினராக வருவோர் தங்குமிடம் தேடி அலைவது வியப்பன்று!

இந்நாளில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. பேருந்து நிலையத்தைச் சுற்றியும், தேரோடும் வீதிகளிலும் விடுதிகள் பல இருக்கின்றன. முன்கூட்டியே சொல்லி வைத்தால், கட்டிலும் மின்விசிறியும் வெந்நீரும் உடைய அறை காத்திருக்கும். கோபுரம் தெரியும் சாளரத்தருகே அமர்ந்து காப்பி அருந்தியவாறு தேரைக் காண்போரும் உண்டு. நான் அவர்களைக் குறை கூறவில்லை. மாணவப் பருவத்தில் மார்கழிக் குளிரில் ஒரு சத்திரத்துத் திண்ணையில், கொசுக்களுக்கும் அயலாருடைய குறட்டைக்கும் நடுவே, ஒரு துண்டை மட்டும் போர்த்திக் கிடந்தவன் நான். வசதியின் அருமை எனக்குத் தெரியும். ஆயினும், வரலாற்றைப் பயில்கின்ற நீங்கள் அந்த வசதியான அறையைச் சற்றே மறந்து, அதன் வாயிலை நோக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியிருந்தது, எப்பொழுது திறந்தது? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நிலம் இந்த வினாவுக்கு நீண்டதொரு விடையைத் தன்னிடம் வைத்திருக்கிறது.

அவ்விடையின் முதற்பகுதி சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்துகொண்டே அவர் அந்நூலைப் பாடினார் என்பது மரபு. அதில் வரும் செய்திகள் அனைத்தையும் கல்வெட்டுச் சான்றுபோலக் கொள்ள இயலாது. எனினும், ஊருக்கு வந்தவர் எங்கே தங்கினார் என்பதைச் சேக்கிழார் மறவாமல் சொல்லிச் செல்கிறார். அவர் காட்டும் மூன்று இரவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள்.

முதலாவது, சுந்தரருடைய இரவு. திருவெண்ணெய்நல்லூரில் இறைவனுக்கு அடிமையான பின்னர், தில்லைக்குச் செல்லும் வழியில் அவர் திருவதிகையை அடைகின்றார். இன்றைய பண்ணுருட்டிக்கு அருகிலுள்ள ஊர் அது. மாலை மயங்குகிறது. ஊருக்குள் நுழைய அவர் மனம் துணியவில்லை. திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்தித் தொண்டு செய்த மண் அது. அதனைக் காலால் மிதிப்பதா என்று அஞ்சினார். எனவே ஊருக்கு வெளியே இருந்த சித்தவடமடம் என்னும் மடத்தில் தங்கினார். உடன் வந்தவர்களும் உறங்கினர். நள்ளிரவில் ஒரு முதிய அந்தணர் வந்து படுத்தார். அவருடைய கால் சுந்தரர் தலைமேல் பட்டது. "ஐயா, உம் அடியை என் தலைமேல் வைத்தீரே" என்றார் சுந்தரர். "திசை அறியாதபடி செய்தது என் மூப்பு" என்றார் கிழவர். சுந்தரர் எழுந்து வேறு பக்கம் தலைவைத்துப் படுத்தார். மீண்டும் அதே கால்! மறுபடியும் இடம் மாறினார். மறுபடியும் அதே கால். பொறுமை இழந்து "நீர் யார்?" என்று கேட்டபொழுது, "என்னை நீ அறிந்திலையோ?" என்று சொல்லிக் கிழவர் மறைந்துவிட்டார். வந்தவர் யார் என்பது அப்பொழுதுதான் சுந்தரருக்கு விளங்கிற்று.

இதனைத் திருவடி தீட்சை என்று சமயவாணர் போற்றுவர். நான் இங்கே வேறொன்றையும் காண்கிறேன். திருவிழாக் காலத்து மடத்தில் படுத்துறங்கிய அனுபவம் சேக்கிழாருக்கு நன்றாகவே இருந்திருக்க வேண்டும். விளக்கில்லாத கூடம், நெருங்கிப் படுத்த உடல்கள், யார் தலை எங்கே யார் கால் எங்கே என்று தெரியாத இருட்டு: சத்திரத்தில் உறங்கியவர்கள் இதனைப் படித்தால் புன்முறுவல் பூக்காமல் இருக்க முடியாது. அந்த மடத்தில் வந்து படுத்த கிழவரை "நீர் எந்த ஊர், என்ன குலம்?" என்று வாயிலில் நிறுத்திக் கேட்டவர் எவருமில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, திருஞானசம்பந்தருடைய தங்கல். சீகாழியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து அவர் தில்லைக்கு வந்தார். திருநீலகண்ட யாழ்ப்பாணரும் உடன் வந்தார். கூத்தப்பெருமானைத் தொழுதார், ஆயினும் அந்நகரில் இராத் தங்க அவர் ஒருப்படவில்லை. இறைவன் உறையும் இடத்தில் தாமும் பள்ளி கொள்வது முறையாகாது என்று கருதி, ஊருக்குக் கிழக்கே உள்ள திருவேட்களத்தில் தங்கி, அங்கிருந்து நாள்தோறும் தில்லைக்கு வந்து வழிபட்டார் என்பர். திருவேட்களம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, அண்ணாமலைநகரில், பல்கலைக்கழகத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்களுள் எத்தனை பேர், பல நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒரு சிறுவர் பாட்டுடன் தங்கியிருந்த ஊரில் தாமும் தங்குகிறோம் என்பதை அறிவர் என்று எனக்குத் தெரியாது.

சுந்தரர் அதிகைக்கு வெளியே தங்கினார். சம்பந்தர் தில்லைக்கு வெளியே தங்கினார். இருவரும் தாமே விரும்பி வெளியே நின்றவர்கள். உள்ளே வாருங்கள் என்று அழைக்க ஆள் இருந்தது. அன்பின் மிகுதியால் அவர்கள் செல்லவில்லை.

மூன்றாவது இரவு அத்தகையதன்று.

ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்த திருநாளைப்போவார், நந்தனார் என்று நாம் அழைக்கும் பெருமகனார், தில்லைக்குச் செல்ல வேண்டும் என்று நெடுங்காலம் ஏங்கினார். தம் குலத்தை எண்ணி அடங்குவார். மீண்டும் ஆசை எழும். "நாளைப் போவேன்" என்பார். ஒரு நாள் புறப்பட்டே விட்டார். ஊரின் எல்லையை அடைந்து வணங்கி எழுந்தவர் கண்டது என்ன? வேள்விகளிலிருந்து எழும் புகையைக் கண்டார். மாணாக்கர்கள் மறை ஓதுகின்ற மடங்கள் நெருங்கியிருப்பதைக் கண்டார். கண்டதும் தம் குலத்தை நினைந்து, அஞ்சி, அணுகாமல் நின்றுவிட்டார். இரவும் பகலுமாக எல்லைப்புறத்தையே வலம் வந்தார். வலம் வந்த களைப்பிலே உறங்கினார். எங்கே உறங்கினார்? சேக்கிழார் மடத்தின் பெயர் எதனையும் சொல்லவில்லை. சொல்வதற்கு மடம் இருந்தால்தானே!

மடங்கள் நெருங்கியிருந்தன என்ற அந்தச் சொல்லை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இடம் இல்லாத ஊரில் ஒருவன் வெளியே படுத்தால் அது வறுமை. இடம் நிறைந்திருந்த ஊரில் ஒருவன் வெளியே படுத்தான் என்றால், அதற்கு வேறு பெயர் உண்டு. பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கனவிலே இறைவன் தோன்றி, தீயில் மூழ்கி எழுந்து தில்லைவாழந்தணர்களோடு வருக என்று பணித்தான். தென்புற மதிலுக்கு வெளியே தீ வளர்க்கப்பட்டது. நந்தனார் அதனுள் புகுந்தார்; மறைமுனிவராக எழுந்தார். நந்தனாராக வந்தவர் நந்தனாராகவே உள்ளே செல்ல முடியவில்லை.

இங்கே ஒரு நியாயத்தை மறைக்கலாகாது. இதே சேக்கிழார் தீயை வேறொரு வகையிலும் காட்டியிருக்கிறார். சம்பந்தருடன் சென்ற யாழ்ப்பாணர் பாணர் குலத்தவர். அக்காலத்தில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட குலம் அது. சோழ நாட்டுச் சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்னும் அந்தணர் இல்லத்துக்குச் சம்பந்தர் விருந்தினராகச் சென்றார். இரவு வந்தது. "பாணரும் அவர் மனைவியாரும் தங்க ஓர் இடம் கொடும்" என்றார் சம்பந்தர். நீலநக்கர் அவர்களைத் திண்ணைக்கு அனுப்பவில்லை, கொல்லைப்புறத்துக்கு அனுப்பவில்லை. வீட்டின் நடுவே, வேள்விக் குண்டத்தின் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அப்பொழுது அந்த வேதியில் இருந்த தீ அவியவில்லை. மாறாக, வலஞ்சுழித்து முன்னினும் ஓங்கி எரிந்தது என்கிறார் சேக்கிழார். தில்லையில் ஒருவரைத் தூய்மையாக்கத் தீ வேண்டியிருந்தது. சாத்தமங்கையில் ஒருவர் அருகே படுத்ததனால் தீயே பொலிவு பெற்றது. இவ்விரண்டையும் ஒரே நூலில் எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது? இவ்வினாவை உங்கள் ஆசிரியர்களோடு வாதிடுவதற்காக விட்டுவிடுகிறேன்.

இனி, பாட்டை விட்டுக் கல்லுக்கு வருவோம். முதற் குலோத்துங்கனுக்கும் விக்கிரம சோழனுக்கும் படைத்தலைவனாக விளங்கியவன் மணவிற் கூத்தன் காலிங்கராயன். நரலோகவீரன் என்பது அவன் சிறப்புப் பெயர். தில்லையில் அவன் செய்த திருப்பணிகளைக் கோயிற் கல்வெட்டுப் பாடல்கள் வரிசைப்படுத்துகின்றன. அவற்றுள் ஒன்று நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. மாசி மகத்தன்று தில்லைப் பெருமான் கிழக்கே கடற்கரைக்கு எழுந்தருள்வது வழக்கம். அங்கே பெருமான் வீற்றிருக்க ஒரு மண்டபமும், அதற்குச் செல்லப் பெருவழியும் அமைத்தான் நரலோகவீரன். திருவிழா நடக்கும் இடத்தருகே தங்குமிடம், அதனை அடைய நல்ல சாலை: இன்றைக்கு விழா எடுப்போர் செய்கின்ற ஏற்பாடும் இதுதான். முதல் விருந்தினர் இறைவன் என்பது ஒன்றே வேற்றுமை.

இறைவனே நெடுங்காலம் விருந்தினராகத் தங்க நேர்ந்த காலமும் உண்டு. படையெடுப்புகளின் அச்சத்தால், 1648 முதல் 1686 வரை நடராசர் திருமேனி சிதம்பரத்தை விட்டு அகற்றப்பட்டுக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் வைத்துக் காக்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டிலோ நிலைமை இன்னும் கொடிது. கடலூரில் ஆங்கிலேயருக்குப் புனித டேவிட் கோட்டை இருந்தது; புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் இருந்தனர். இருவருக்கும் நடுவே உயர்ந்த மதிலோடு நின்ற சிதம்பரம் கோயில் கோட்டையாகவே பயன்பட்டது. 1781ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹைதர் அலியின் வீரர்கள் அதனுள் இருந்தனர். ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதனைத் தாக்கித் தோற்றுத் திரும்பினார். சில நாட்களுக்குள், ஜூலை 1ஆம் நாள், பரங்கிப்பேட்டைப் போர் நிகழ்ந்தது. யாத்திரிகர் படுத்த மண்டபத்தில் படைவீரர் படுத்த காலம் அது.

போர்கள் ஓய்ந்த பின்னர்ச் சத்திரங்களின் காலம் வந்தது. காசியிலிருந்து இராமேசுவரம் செல்வோர் கீழைக் கடற்கரையை ஒட்டி நடந்தே வருவர். கொள்ளிடத்தைக் கடந்துவிட்டால் தஞ்சை மராத்திய மன்னர்களின் நாடு. அவர்கள் அவ்வழி நெடுகச் சத்திரங்களை நிறுவியிருந்தனர். அச்சத்திரங்களின் வருவாய்க்கு ஆங்கிலேயரால் கேடு வருமோ என்று அஞ்சிய சரபோஜி மன்னர், 1801ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஞ்சையிலிருந்த ஆங்கில ரெசிடெண்டு டோரின் என்பவருக்கு ஒரு கடிதம் எழுதினார். மாணவர்கள் கட்டாயம் அறிய வேண்டிய கடிதம் அது. எல்லாச் சாதியினரும் சத்திரத்தில் உணவு பெறுகின்றனர் என்கிறார் மன்னர். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைக்கின்றனர். நோயுற்று நடக்க இயலாதவருக்கு மருந்து தருகின்றனர். அங்கே பிள்ளை பெறும் பெண்களைப் பேணுகின்றனர். வழியிலே இறந்தவரின் குழந்தைகளை வளர்த்துக் கல்வியும் புகட்டுகின்றனர். அந்த நள்ளிரவு மணியை எண்ணினால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. எத்தனை வசதியுடைய விடுதியிலும், "பசியோடு யாரேனும் படுத்திருக்கிறீர்களா?" என்று இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவர் கேட்பதை நான் கண்டதில்லை.

ஆயினும் அக்கடிதத்திலேயே ஒரு நுட்பம் இருக்கிறது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் தனியே அளக்கப்பட்டன. பிறர் சமைத்ததை ஏன் ஒருவர் உண்ண விரும்பமாட்டார்? விடை உங்களுக்குத் தெரியும். எல்லாச் சாதியினருக்கும் சோறு உண்டு; ஆனால் எல்லாச் சாதியினருக்கும் ஒரே பந்தி இல்லை. தமிழ்நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் இவ்வழக்கம் நெடுநாள் நீடித்தது. இன்னாருக்கு உள்கூடம், இன்னாருக்குத் திண்ணை, இன்னாருக்கு மரத்தடி என்று எழுதப்படாத சட்டம் இருந்தது. சில இடங்களில் அறக்கட்டளைச் சாசனத்திலேயே அது எழுதப்பட்டும் இருந்தது. சத்திரம் கட்டியவர்கள் நல்லவர்கள், கொடையாளர்கள். ஆனால் கொடையும் தன் காலத்தின் கண்களாலேதான் உலகைப் பார்த்தது.

1870ஆம் ஆண்டுகளின் இறுதியில் ரயில் வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மாட்டுவண்டியில், வெள்ளாற்றைக் கடந்து, ஒரு பகலும் ஓர் இரவுமாக வந்தவர்கள் சில மணி நேரத்தில் வந்து இறங்கினர். விழாக் கூட்டம் பன்மடங்கு பெருகியது. கூட்டத்தோடு வாந்திபேதியும் பெருகியது. 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் அந்நோயின் கிருமியை அறிந்து சொன்ன பின்னரே, தண்ணீர் எத்தனை பெரிய காரணம் என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. திருவிழாக்களுக்கும் தங்குவிடுதிகளுக்கும் தனி விதிகளைக் கொண்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வருவதற்கு 1939ஆம் ஆண்டு ஆயிற்று. குடிநீர்க் குழாயும் கழிப்பிடமும் இல்லாத விடுதிக்கு எத்தனை அலங்காரம் இருந்து என்ன பயன்?

ரயில் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலான இதே பகுதியில் ஓர் அரிய செயல் நிகழ்ந்தது. இராமலிங்க அடிகள் சிதம்பரத்தருகேயுள்ள மருதூரில் 1823இல் பிறந்தவர்; சென்னையில் வளர்ந்தவர். பின்னர் இப்பகுதிக்கே திரும்பிக் கருங்குழியில் ஓர் அன்பர் இல்லத்தில் தங்கி, அங்கிருந்து சிதம்பரத்துக்குச் சென்று வந்து வழிபட்டார். அவரும் தில்லைக்கு வெளியே தங்கியவரே. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். ஊரார் மனமுவந்து எண்பது காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது தமிழகம் முழுவதும் அறிந்த செய்தி. அங்கே சாதி கேட்கப்படவில்லை, சமயம் கேட்கப்படவில்லை. பசி ஒன்றே நுழைவுச் சீட்டு. 1872ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. விழாக் காணும் சபை பின்னரே எழுந்தது. வருவோர்க்குச் சோறிடும் சாலை ஐந்து ஆண்டுகள் முன்னரே எழுந்துவிட்டது. இந்த வரிசையை அடிகள் தற்செயலாகக் கொண்டார் என்று நான் நம்பவில்லை. சாத்தமங்கை வேதியிலே ஓங்கிய தீ பாட்டிலே கண்டது. வடலூர் அடுப்பிலே எரிவது நாம் நேரிலே காண்பது.

வடலூரில் சோறு கிடைத்தது. ஆனால் தில்லையிலே, நந்தனார் நின்ற எல்லையிலே, அவர் வழிவந்தவர்களுக்குத் தங்குமிடம் எப்பொழுது கிடைத்தது? அதற்கு மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

வட ஆர்க்காட்டு ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் எளிய குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த அவர், இளமையிலேயே கல்வியிலும் துறவிலும் நாட்டம் கொண்டு சகஜானந்தர் என்னும் பெயர் பூண்டார். 1910ஆம் ஆண்டில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். ஓமக்குளக் கரையிலே தங்கித் தம் தொண்டைத் தொடங்கினார். நந்தனாருக்காகத் தீ வளர்த்த இடமே ஓமக்குளம் என்பது ஊர் வழக்கு. எந்த இடத்தில் ஒருவர் தீயில் மூழ்கினால்தான் உள்ளே போகலாம் என்று சொல்லப்பட்டதோ, அந்த இடத்திலேயே நந்தனார் மடமும், 1916ஆம் ஆண்டில் நந்தனார் பெயரால் பள்ளியும் தோன்றின. வெளியூர்களிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே படிப்பு கிடைத்தது. உண்ணவும் உறங்கவும் இடம் கிடைத்தது.

உறங்க இடம் என்பதைச் சிறு செய்தி என்று தள்ளிவிடாதீர்கள். அக்காலத்தில் சிற்றூரிலிருந்து நகரத்துக்குப் படிக்க வந்த ஒடுக்கப்பட்ட மாணவனுக்குப் பள்ளிச் சம்பளத்தைவிடப் பெரிய தடை, இரவில் தலைசாய்க்க ஒரு கூரை. அறிவு இருந்தும், ஆசை இருந்தும், "எங்கே தங்குவது?" என்னும் கேள்விக்கு விடை இல்லாமையால் ஊர் திரும்பியவர் எத்தனையோ பேர். விழாவுக்கு வந்தவன் இரண்டு நாள் வெட்டவெளியில் படுத்துத் திரும்பிவிடலாம்; படிக்க வந்தவன் பத்து ஆண்டுகள் வெட்டவெளியில் படுக்க முடியுமா? சகஜானந்தர் சென்னைச் சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். 1959ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் அவர் மறைந்தபொழுது, நாளைப் போவேன் என்று ஏங்கியவரின் பெயரைத் தாங்கிய பள்ளியில் படித்தவர்கள் பலர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் விளங்கினர்.

சட்டமும் மெல்ல மெல்ல வந்தது. 1938இல் எம். சி. ராஜாவின் முயற்சியால், பொதுமக்கள் புழங்கும் இடங்களில் தீண்டாமையின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்னும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, உணவுச்சாலையிலும் ஓட்டலிலும் நுழைவதற்குச் சாதியோ சமயமோ தடையாகக் கூடாது என்று வெளிப்படையாகவே கூறிற்று. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் ஓட்டலைப் பற்றி ஒரு சொல் எதற்கு என்று பிற நாட்டார் வியக்கலாம். நம் வரலாற்றை அறிந்தவர் வியக்கமாட்டார். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் தரும சாலைகளையும் வழிப்போக்கர் விடுதிகளையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டது.

இதற்கிடையே திருவேட்களத்தின் பக்கத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. செட்டிநாட்டு அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. சம்பந்தர் தங்கிய சிற்றூரைச் சூழ்ந்து மாணவர் விடுதிகள் எழுந்தன. தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் என்பதே அதன் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. 1981 முதல் மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா தொடங்கியபின், பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆடற்கலைஞர்கள் வருகின்றனர். அவர்களுக்காகவும் விடுதிகள் பெருகின. சத்திரத்தில் குலம் கேட்டார்கள். விடுதியில் வாடகை கேட்கிறார்கள். முன்னதைவிடப் பின்னது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விழா நாட்களில் வாடகை ஏறும்பொழுது, பணமில்லாதவர் நிற்குமிடம் மறுபடியும் வெளியேதான்.

திருவிழாவுக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், அறையில் பெட்டியை வைத்துவிட்டு மூன்று இடங்களுக்கு நடந்து வாருங்கள். கிழக்கே திருவேட்களம், நந்தனாரின் ஓமக்குளம், பிறகு, ஒன்பதாம் நாள் இரவு தேர்கள் நிலைக்கு வந்தபின், நான்கு தேரோடும் வீதிகள். அறை கிடைக்காதவர்களும், அறைக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களும் மூடிய கடைகளின் முன்பும், கோபுர வாயிலின் ஓரத்திலும் துணியை விரித்துப் படுத்திருப்பார்கள். மார்கழிப் பனி இறங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஆயிரக்கால் மண்டபத்தில் திருமஞ்சனத்துக்கு ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும். நள்ளிரவுக்குமேல் எங்கிருந்தோ ஒரு முதியவர் மூட்டையோடு வருவார். கால் நீட்ட இடம் தேடுவார். இருட்டிலே யார் தலையிலாவது அவர் கால் படும். படுத்திருப்பவர் முணுமுணுத்துக்கொண்டே சற்று ஒதுங்கி இடம் விடுவார்.